மலிவான ஊர்

எங்கள் பெரிய மாமா சிங்கப்பூரைவிட்டுக் கிளம்புவதற்கு இரண்டு வருடம் முன்பே ஒரு எக்செல் கோப்பு போட்டுவைத்திருந்தார். கப்பல் பட்டறையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர். எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். கோப்பின் பெயர் "கடைசி ஊர்". மேலிருந்து கீழாக ஈப்போ, செபு, கொழும்பு, போர்ட் லூயிஸ், பெலீஸ், கிள்ளை. இடமிருந்து வலமாக வாடகை, அரிசி, மீன், டாக்டர், விசா, இங்கிலீஷ் பேசிப் பிழைக்க முடியுமா, பக்கத்தில் முருகன் கோயில் உண்டா.

கிள்ளை எங்கள் ஊர். சிதம்பரத்திலிருந்து பிச்சாவரத்துக்குப் படகு சவாரி போகிறவர்கள் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போகும் ஊர். அதைக் கடைசி வரிசையில் போட்டதில் அம்மாவுக்கு வருத்தம். "பொறந்த ஊர பிலிப்பைன்ஸுக்குக் கீழ எழுதி வச்சிருக்குது பாரு உங்க மாமா" என்றார். "அது மேலேர்ந்து கீழ வர்ற லிஸ்ட் இல்லமா, சும்மா எழுதிருக்காரு" என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

மாமா 1990-ல் போனார். 28 வயது, பாலிடெக்னிக் டிப்ளமோ. ஏஜெண்டுக்குக் கொடுக்கத் தாத்தா முக்கால் ஏக்கர் நிலத்தை விற்றார். போன வருடம் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு ஏறத்தாழ 10 ரூபாய். இன்று 60-ஐத் தாண்டிவிட்டது. அங்கே நிரந்தரவாசம், பிறகு குடியுரிமை, வீவக அடுக்குமாடியில் ஒரு வீடு. அத்தை 2016-ல் காலமானார். ஒரே மகள் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில். கொரோனா காலத்தில் அந்த வீட்டுக்குள் தனியாக அடைந்துகிடந்த மாதங்களில்தான் கோப்பு பிறந்தது. "இந்த ஊருல வேலை இருக்கற வரைக்கும் வாழலாம் பாப்பா. வேலை இல்லாம இங்க இருக்கறது, டிக்கெட் எடுத்துக்கிட்டு தியேட்டர் வாசல்ல நிக்கற மாதிரி" என்றார் போனில்.

அவருக்கு வேண்டியது எளிமையான விஷயம். சேமிப்பு விலை உயர்ந்த நாட்டுப் பணத்தில், செலவு விலை குறைந்த நாட்டுப் பணத்தில். வெயில் வேண்டும், குளிர் ஆகாது. ஆங்கிலம் செல்ல வேண்டும், புது மொழி கற்கும் வயது இல்லை. இப்படி யோசிப்பது மாமா மட்டும் இல்லை. உலகம் முழுக்க லட்சக்கணக்கான வெள்ளைக்காரர்கள் இதே கணக்கைப் போட்டுத்தான் வெப்பநாடுகளின் கடற்கரைகளில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காகவே நாடுகள் விசாக்களை வடிவமைக்கின்றன. நாம் போடும்போது மட்டும் கணக்கில் ஒரு சுழி கூடுதலாக விழுகிறது. அவர்கள் தேடிப் போகும் மலிவான நாடுகளில் ஒன்று நம்முடையது.

*

கோப்பின் வரிசைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். மாமா எதை ஏன் அடித்தார் என்பதில் கொஞ்சம் உலகம் இருக்கிறது.

முதலில் ஈப்போ விழுந்தது. தமிழ் கேட்கும், தோசை கிடைக்கும், சிங்கப்பூருக்கும் பக்கம். வெளிநாட்டவர் வந்து தங்க மலேசியா 2002-லிருந்து "எனது இரண்டாவது இல்லம்" என்று ஒரு திட்டம் நடத்துகிறது. 2021-ல் அதன் நிபந்தனையை ஒரேயடியாக ஏற்றினார்கள். மாத வருமானம் 40,000 ரிங்கிட், வங்கி வைப்பு 10 லட்சம் ரிங்கிட். மாமா அந்த வரிசைக்கு அன்றைக்கே சிவப்பு அடித்துவிட்டார். 2024-ல் மறுபடி மாற்றி, படிகளாகப் பிரித்தார்கள். பொதுவான மூன்று படிகளில் கடைசிப் படிக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்பும், 6 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாத வீடும் வேண்டும்.

பிலிப்பைன்ஸில் வயதானவர்களை வரவேற்பதற்கென்றே 1985-லிருந்து தனி அரசு ஆணையம் இருக்கிறது. ஆங்கிலம் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. மாமா செபுவின் கடற்கரைப் படங்களைச் சேமித்துவைத்திருந்தார். 2021 டிசம்பரில் ராய் புயல் அந்தத் தீவைப் புரட்டிப் போட்டது. கூரை பறந்த வீடுகளின் படங்களைப் பார்த்துவிட்டு அதையும் அடித்தார். புயலுக்குப் பயந்து செபுவை அடித்தவர் கடலூர் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார் என்பதை நாங்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம்.

பெலீஸ், மத்திய அமெரிக்காவில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட ஒரே நாடு. ஓய்வுபெற்றவர்களுக்குத் தனித் திட்டமும் உண்டு. மகள் ஒரே கேள்வி கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு ஒண்ணுன்னா நான் எத்தனை ஃப்ளைட் மாறணும்?" அந்த வரிசை முடிந்தது.

மொரிஷியஸ் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது. அதன் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு, தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை உண்டு. 50 வயது தாண்டிய வெளிநாட்டவருக்குத் தங்கும் அனுமதியும் உண்டு. ஆனால் தெருவில் பேசுவது கிரியோல். நோட்டில் இருக்கும் தமிழை வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்காரரிடம் பேச முடியாது என்று மாமாவே சொல்லிக்கொண்டார்.

கொழும்பு விழுந்த விதம்தான் என்னை யோசிக்கவைத்தது. இலங்கை 55 வயது தாண்டியவர்களுக்கு நீண்டகால விசா கொடுக்கிறது. 2022-ல் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. டாலருக்கு 200 ரூபாயாக இருந்தது இரண்டே மாதங்களில் 360 வரை போனது. அந்த வாரங்களில் மாமாவின் கோப்பில் கொழும்பின் வாடகைக் கட்டமும் மீன் கட்டமும் பச்சையாகிக்கொண்டே போயின. வெளிநாட்டுப் பணம் வைத்திருப்பவனுக்குக் கொழும்பு அதுவரை அவ்வளவு மலிவாக இருந்ததில்லை. அதே வாரங்களில் அங்கே மக்கள் எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்றார்கள், ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லை. மாமா ஒருநாள் போன் செய்து, "கணக்குப்படி இப்பத்தான் போகணும். ஆனா மனசு வரல பாப்பா" என்றார். ஒரு ஊர் மலிவாகிறது என்றால் அங்கே இருக்கும் யாருக்கோ எல்லாம் விலை ஏறிவிட்டது என்று அர்த்தம். இதைக் கட்டத்தில் எழுத இடம் இல்லை.

மாமாவோடு வேலைபார்த்த ஒரு இங்கிலாந்துக்காரர் சிதம்பரம் கோயிலைப் பார்த்த நாளிலிருந்து இந்தியாவில் ஓய்வுபெற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அவரால் முடியவில்லை. இந்தியாவில் ஓய்வு விசா என்ற ஒன்றே கிடையாது. இன்னொரு சிக்கல், பிரிட்டன் தன் அரசு ஓய்வூதியத்தை ஆண்டுதோறும் உயர்த்தும். ஓய்வூதியர் பிலிப்பைன்ஸிலோ மொரிஷியஸிலோ ஜமைக்காவிலோ இருந்தால் அந்த உயர்வு அவருக்கும் போகும். இந்தியாவில் இருந்தால் போகாது. குடியேறிய அன்று என்ன தொகையோ, சாகும்வரை அதுதான். இருபது வருடத்தில் அது என்னவாகும் என்று அவரே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு செபுவுக்குப் போய்விட்டார்.

கடைசியில் கிள்ளை மட்டும் அடிபடாமல் நின்றது. 2022-ல் மாமா வந்தார். இரண்டு பெட்டி, ஒரு ரைஸ் குக்கர், சிவப்பு நிறப் பாஸ்போர்ட்.

*

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாக சிங்கப்பூருக்கு ஒரு கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பெயரே எம்.வி.சிதம்பரம். அதற்கு முன் ரஜூலா. 1980களின் நடுவில் ஒரு தீ விபத்துக்குப் பிறகு சிதம்பரம் நின்றுபோனது. அந்தக் கப்பல்களில் போனவர்களில் பலர் திரும்பி வந்து சாவதையும் திட்டத்தில் வைத்துத்தான் போனார்கள். ஊரில் ஒரு வீடு கட்டிப் பூட்டிவைப்பார்கள். பரங்கிப்பேட்டையில் நடந்து பாருங்கள், அப்படிப் பூட்டிய வீடுகள் இன்றும் தெருவுக்கு இரண்டு மூன்று இருக்கும்.

இன்னும் சுவாரசியமானது கடலூரைத் தாண்டினால் வரும் புதுச்சேரி. 1954-ல் பிரெஞ்சு ஆட்சி அங்கே நடைமுறையில் முடிந்தது. சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்று எழுதிக்கொடுக்க ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். எழுதிக்கொடுத்தவர்களில் பலர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த தமிழர்கள். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் சண்டை போட்டவர்கள். ஊரில் அவர்களுக்குப் பெயர் சொல்தா. வேலை முடிந்து புதுச்சேரிக்கே திரும்பி, முதலில் பிராங்கிலும் பிறகு யூரோவிலும் ஓய்வூதியம் வாங்கி, சொந்தத் தெருவில் வெளிநாட்டவராக வாழ்ந்தார்கள். உலகத்தின் பத்திரிகைகள் "வெப்பநாட்டில் மலிவான ஓய்வு" என்று எழுத ஆரம்பிப்பதற்கு முன்பே அதைச் செய்து காட்டியவர்கள் இவர்கள்தான். இன்றும் ஜூலை 14 அன்று கடற்கரையில் உள்ள போர் நினைவிடத்தில் மெடல் குத்திக்கொண்டு நிற்கும் கிழவர்களைப் பார்க்கலாம்.

அவர்களால் புதுச்சேரியில் சில விஷயங்கள் விலை ஏறின. மனை ஏறியது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளையின் விலையும் ஏறியது. உயிரோடு இருக்கிறோம் என்று சான்று அனுப்பினால்தான் ஓய்வூதியம் வரும் என்பதால், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மருமகளோ பேத்தியோ அந்தக் காகிதத்தைப் பூர்த்தி செய்யக் கற்றுக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேத்தி நான்.

*

மாமா பிறந்தது கிள்ளையில். சட்டப்படி அவர் இங்கே வெளிநாட்டவர். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. தருவது ஓசிஐ அட்டை. பெயரில் குடிமகன் என்று இருந்தாலும் அது வாழ்நாள் விசா, அவ்வளவுதான். காவல்துறையில் பதிவு செய்ய வேண்டாம், எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கலாம், வீடு வாங்கலாம். ஓட்டு கிடையாது. பத்திரிகைத் தொழிலுக்கும் மலை ஏறுவதற்கும் தனி அனுமதி வாங்க வேண்டும். இதைப் படித்துச் சொன்னபோது மாமா, "மலை ஏறத்தான் கிள்ளைக்கு வந்தேன்" என்றார்.

அடுத்ததைச் சொன்னபோது சிரிக்கவில்லை. ஓசிஐ வைத்திருப்பவர் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், விலைக்கு வாங்கக் கூடாது. தாத்தா விற்ற முக்கால் ஏக்கரைத் திரும்ப வாங்குவதுதான் மாமாவின் முப்பது வருடக் கனவு. கோப்பில் அதற்குக் கட்டம் இல்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை.

"உன் பேருல வாங்கிடலாம்" என்றார் அம்மாவிடம்.

அம்மா தைத்துக்கொண்டிருந்தார். நிமிராமல் சொன்னார். "வாங்கலாண்ணே. என் பேருல வாங்குனா அது என்னுது. அப்பறம் உன்னுதுன்னு பேசக்கூடாது."

மாமா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். சட்டமும் கிட்டத்தட்ட அம்மா சொன்னதைத்தான் சொல்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவும் நானும் போய் அந்த நிலத்தைப் பார்த்தோம். வாங்கியவர் அதை விற்று, அவரிடம் வாங்கியவர் இறால் குட்டை வெட்டி, அதுவும் நோய் வந்து கைவிட்டுக் கிடந்தது. கரையில் உப்புப் பூத்திருந்தது. நெல் இனி அதில் வராது. மாமா குனிந்து மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "நிலம் மிச்சம்" என்றார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

திரும்பும்போது பிச்சாவரம் படகுத்துறை வரை போனோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் அந்தக் காடு 2022-ல்தான் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 1975-ல் வந்த "இதயக்கனி" படத்துக்காக எம்.ஜி.ஆர். இங்கே வந்ததை மாமா சொன்னார். அவருக்கு அப்போது பள்ளி வயது. சுரபுன்னை வேர்களுக்கு நடுவே இருளர் பெண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வாயில் கவ்விய பையில் இறாலைப் போட்டுக்கொள்வார்கள். "நான் போறப்பவும் இப்படித்தான் புடிச்சாங்க. இவங்களுக்கு ரிட்டயர்மெண்ட் எப்ப?" என்று மாமா கேட்டார். பதிலுக்காகக் கேட்டதாகத் தெரியவில்லை.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்கள் பெரும்பாலும் தப்பின. கடலுக்கு நேரே மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு தப்பவில்லை. அன்று மாமா சிங்கப்பூரில் தொலைக்காட்சி முன்னால் இருந்தார். அம்மா இங்கே ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் சோறு வடித்துப் போட்டார். அம்மாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

*

மாமாவின் கோப்பில் கிள்ளை வரிசையில் "உதவி ஆள்" என்று ஒரு கட்டம் உண்டு. மற்ற ஊர்களுக்கு அதில் தொகை எழுதியிருந்தார். கிள்ளைக்கு நேரே 0.

அந்தப் பூஜ்யம் என் அம்மா. 58 வயது. ரவிக்கை தைப்பார். முகூர்த்த மாதங்களில் எட்டாயிரம், ஒன்பதாயிரம் வரும், மற்ற மாதங்களில் நான்காயிரம். அப்பா இறந்தபிறகு எங்கள் வீடு நின்றது அந்த மெஷின் மேல். மாமா வந்து ஒரு வருடத்தில் மெஷினுக்கு உறை போட்டாகிவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மாமாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். காலை ஏழு மணிக்கு இட்லி, பதினொன்றுக்கு மோர், ஒரு மணிக்குக் குழம்பு, காய், மீன், நான்கு மணிக்கு சுண்டல், எட்டரைக்குச் சப்பாத்தி. இடையில் பாங்கு, மருந்துக்கடை, எலெக்ட்ரீஷியன். தைக்கக் கொடுத்தவர்கள் இரண்டு முறை கேட்டுவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

மாமா கெட்டவர் இல்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். தட்டைத் தானே கழுவுவார். வீட்டுச் செலவு முழுக்க அவர்தான். அம்மாவுக்கு வளையல் வாங்கிப் போட்டார். அவர் வந்ததில் அம்மாவுக்கு நிஜமான சந்தோஷம் உண்டு. இரண்டு பேரும் மாலையில் திண்ணையில் உட்கார்ந்து செத்துப்போனவர்களைப் பற்றிப் பேசிச் சிரிப்பதை நான் சென்னையிலிருந்து வரும் சனிக்கிழமைகளில் கேட்டிருக்கிறேன். சிக்கல் ஆளில் இல்லை. கணக்கில் இருக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. அங்கே ஒரே நாளில் 40 செ.மீட்டருக்கு மேல் மழை. கடலூர் மாவட்டம் முழுக்க வெள்ளம். கிள்ளையில் மின்சாரம் போய்விட்டது, இன்சுலின் இருந்த ஃபிரிட்ஜ் ஓடவில்லை. அம்மா மருந்தை மண்பானைத் தண்ணீர் பக்கத்தில் ஈரத்துணி சுற்றி வைத்தார். இரண்டாம் நாள் விடிகாலை மாமாவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. வியர்த்துக் கொட்டி, வாய் குழறி, அம்மாவை யார் என்று கேட்டிருக்கிறார். அம்மா கன்னத்துக்குள் சர்க்கரையைத் தடவி, எதிர்வீட்டுப் பையனின் டிராக்டரில் ஏற்றி, ரோட்டில் ஓடிய தண்ணீருக்குள் அண்ணாமலை நகர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். நல்லபடி பார்த்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த மூன்று நாளும் எனக்குச் சென்னையில் போன் கிடைக்கவில்லை.

கோப்பில் செபு அடிபட்டது புயலால். கிள்ளை அடிபடாமல் நின்றதும் புயலைத் தாங்கும் ஊர் என்பதால் இல்லை. இங்கே சர்க்கரையைக் கன்னத்தில் தடவ ஒரு ஆள் இருந்தார். உலகத்தில் எந்த ஊரையும் மலிவாக்குவது அந்த ஆள்தான். செபுவில் அந்த வேலையைச் சம்பளத்துக்குச் செய்ய ஒரு பெண் கிடைப்பாள், அவளுடைய சம்பளம் லண்டன் சம்பளத்தில் பத்தில் ஒன்றாகக்கூட இருக்காது. வெள்ளைக்காரர் அதை மலிவு என்கிறார். நாம் அதே வேலையைத் தங்கையிடம் சும்மா வாங்கிக்கொண்டு பாசம் என்கிறோம்.

எங்கள் தெருவிலிருந்து ஒரு அக்கா சிங்கப்பூரில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கிறார். தோ பாயோவில் 84 வயது பாட்டி ஒருவரைப் பார்த்துக்கொள்கிறார். அந்தப் பாட்டிக்கு மசேநி உண்டு, மத்திய சேம நிதி. முதலாளியும் தொழிலாளியும் மாதாமாதம் போடும் பணம் அது, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். வேலை அனுமதியில் போகிறவர்களுக்குக் கிடையாது. அக்கா பதினோரு வருடமாக அங்கே இருக்கிறார். அவர் பெயரில் அங்கே ஒரு வெள்ளிகூடச் சேரவில்லை. அக்காவின் அம்மாவை இங்கே பார்த்துக்கொள்வது அக்காவின் தம்பி மனைவி, சம்பளம் இல்லாமல். இந்தச் சங்கிலியின் ஒரு முனையில் ஒருவர் நிம்மதியாக ஓய்வெடுக்கிறார் என்றால், மறுமுனையில் ஓய்வே எழுதப்படாத ஒருத்தி இருக்கிறாள்.

என் வயதுக்காரர்கள் இப்போது முப்பத்தெட்டில் ஓய்வுபெறுவதைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்துவிட்டால் போதும், வருடம் 4 சதவீதம் எடுத்து வாழலாம் என்கிற சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். என் டீமிலேயே மூன்று பேர் பாலித் தீவு, கோவா என்று கோப்பு வைத்திருக்கிறார்கள். வாடகை, வைஃபை, காபி விலை எல்லாம் துல்லியமாக இருக்கிறது. மூன்று கோப்பிலும் எண்பது வயது இல்லை. எண்பது வயதைக் கேட்டால், "அப்ப ஊருக்கு வந்துடுவேன்" என்கிறார்கள். ஊரில் யார் இருப்பார்கள் என்று கேட்டதற்கு ஒருவன் கொஞ்சம் யோசித்து, "அக்கா இருப்பா" என்றான்.

*

2027-ல் மாமாவுக்கு இரண்டு கதவுகள் ஒரே நேரத்தில் திறக்கின்றன. 65 வயதாவதால் மசேநியிலிருந்து மாதாமாதம் பணம் வாங்க ஆரம்பிக்கலாம், உயிர் உள்ளவரை. அதே வருடம் ஓசிஐ வாங்கி 5 ஆண்டு நிறைகிறது. 5 ஆண்டு அட்டை வைத்திருந்து, அதில் விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் இந்தியாவிலேயே குடியிருந்தவர் மறுபடி இந்தியக் குடிமகனாக விண்ணப்பிக்கலாம். ஆனால் சிங்கப்பூர்க் குடியுரிமையைத் துறக்க வேண்டும். துறந்து நிரந்தரமாக வெளியேறுகிறவர் தன் மசேநிச் சேமிப்பை மொத்தமாக எடுக்க விண்ணப்பிக்க வழி உண்டு. மாதாமாதமா, மொத்தமாகவா என்பதை முடிவுசெய்ய வேண்டும் என்று மாமா சொல்கிறார்.

துறந்தால் போவது என்ன என்பதும் தெரியும். அங்கே குடிமக்களுக்கு வாழ்நாள் முழுக்க மருத்துவக் காப்பீடு உண்டு. அது அந்த நாட்டு மருத்துவமனைகளுக்குத்தான், கிள்ளைக்கு வராது. ஆனாலும் பெரிய நோய் வந்தால் விமானம் ஏறிப் போய்ப் படுக்க ஒரு இடம். இங்கே தனியார் காப்பீடு எடுத்தால் பிரீமியம் ஒருபக்கம், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருப்பு ஒருபக்கம். சிவப்புப் பாஸ்போர்ட் என்பது மாமாவுக்கு நாடு இல்லை, ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு. அதைக் கிழித்துப்போட்டு ஓட்டு வாங்குவதா என்று அவர் தினமும் யோசிக்கிறார். தாத்தாவின் பெயர் இருந்த வாக்காளர் பட்டியலில் தன் பெயர் வர வேண்டும் என்ற ஆசை உண்மையானது. விமானம் ஏறும் நிலையில் அன்று இருப்போமா என்ற பயமும் உண்மையானது.

போன வருடம் தை மாதம் இதைத் திண்ணையில் வைத்து என்னிடமும் அம்மாவிடமும் கேட்டார். நான் இரண்டு பக்கமும் எழுதிக்காட்டினேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணே, நீ எந்த ஊரு பாஸ்போர்ட்டு வச்சிருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். நீ இங்கத்தான் இருக்கப்போற, நாந்தான் பாக்கப்போறேன். எனக்கு முடியாம போச்சின்னா ரெண்டு பேரையும் இவ வந்து பாக்கணும். அதுக்கு இவ வேலைய விடணும். அத யோசிச்சியா? மொதல்ல என் மெஷினுக்கு ஒரு வழி சொல்லு."

மாமா பேசவில்லை. அன்று இரவு வெகுநேரம் அவர் அறையில் லேப்டாப் வெளிச்சம் இருந்தது. அந்தப் பூஜ்யத்தில் என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்கவும் இல்லை. காலையில் சென்னையில் ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சிக்குப் போன் போட்டு, வீட்டோடு தங்கிப் பார்க்கும் ஒருவருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று விசாரித்தார். மாதம் 22 ஆயிரம், சாப்பாடு தனி. போனை வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா இருந்தார்.

இப்போது காலை ஏழிலிருந்து ஒரு மணிவரை எங்கள் தெருவிலிருந்தே ஒரு பெண் வருகிறார். சமையல், மருந்து, நடைக்குத் துணை. ஞாயிறு லீவு. அவருக்கு மாதம் 9,000. அவர் பெயரில் தபால் ஆபீஸில் ஒரு ஆர்.டி. போட்டு, மாமா தனியாக 500 கட்டுகிறார். அம்மா கணக்கில் மாதம் 10,000 போடுகிறார். "அண்ணங்கிட்ட கூலியா வாங்குவேன்" என்று அம்மா மூன்று மாதம் அதைத் தொடவில்லை. நான்காம் மாதம் எடுத்து மெஷினுக்கு மோட்டார் வாங்கினார். அதிலிருந்து தொடுகிறார்.

பாஸ்போர்ட் விஷயத்தில் மாமா இன்னும் முடிவெடுக்கவில்லை. 2027 வரட்டும் என்கிறார். அம்மா அதுவரை காத்திருக்கவில்லை. இந்தப் பொங்கலுக்கு முந்தின வாரம் 31 ரவிக்கை தைத்துக் கொடுத்தார். கொக்கி, காஜா, தையல் பிரிகிறதா என்று ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துத் தரம் பார்த்தது மாமா. இரண்டைத் திருப்பி அனுப்பினார்.